ஐந்து முனை நட்சத்திரம்

சோமாலியக் கொடியில் ஐந்து முனை வெள்ளை நட்சத்திரம் ஒன்று உண்டு. சோமாலி மக்கள் வாழும் ஐந்து பகுதிகளை அது குறிக்கிறது. ஆனால் 1960-ல் ஒன்று சேர்ந்தவை பிரிட்டிஷ், இத்தாலிய சோமாலிலாந்து இரண்டும்தான்! வடக்கு எல்லை மாவட்டம், அங்கிருந்த சோமாலிகளில் பெரும்பாலோர் சோமாலியாவோடு சேரணும் என்று சொல்லியும், 1963-ல் கென்யாவோடு போச்சு. பிரெஞ்சுப் பகுதி 1977-ல் ஜிபூட்டி என்ற தனி நாடானது. எத்தியோப்பியாவிடமிருந்து ஒகாடனை மீட்க அதே ஆண்டு படையெடுத்த சோமாலியா, சோவியத், கியூப உதவி எதிரிக்குப் போனதும் 1978-ல் தோற்றுத் திரும்பியது. ஒட்டகம் மேய்ப்பவனுக்கு மழை பெய்த இடமெல்லாம் மேய்ச்சல். வெள்ளைக்காரன் வரைபடத்தில் கிழித்த கோடு அவனுக்கு எதுக்கு?

வேடிக்கையைப் பாருங்கள். பழைய காலனி எல்லைகளை மாற்றுவதில்லை என்று 1964-ல் கெய்ரோவில் ஆப்பிரிக்க நாடுகள் முடிவெடுத்தபோது சோமாலியா ஏற்கவில்லை. 1988-ல் ஹர்கெய்சா நகரைச் சொந்த அரசே குண்டு வீசித் தகர்த்தது. 1991-ல் தனி நாடென அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்து இன்று கேட்பதோ, அதே பழைய பிரிட்டிஷ் எல்லையை!