தடுப்பூசி போட்ட கையோடு கரு தங்கினால்

ரூபெல்லா தடுப்பூசி போட்டுக்கொண்ட சில நாட்களில் ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போகிறது. கருவைக் கலைக்க வேண்டுமா? வேண்டியதில்லை. கருத்தரித்த காலத்தை ஒட்டி, தெரியாமல் இந்த ஊசியைப் போட்டுக்கொண்ட பெண்களை அமெரிக்காவில் 1971 முதல் 1989 வரை பதிவுசெய்து கவனித்தார்கள். ரூபெல்லா எதிர்ப்புச் சக்தி இல்லாதிருந்து, கர்ப்பத்தைத் தொடர்ந்து பிள்ளை பெற்ற 321 பேரில் ஒருவருடைய குழந்தைக்குக்கூடப் பிறவி ரூபெல்லா பாதிப்பு இல்லை.

பிறகு ஏன் ஊசி போட்டபின் கருத்தரிக்க ஒரு மாதம் பொறுக்கச் சொல்கிறார்கள்? அந்த ஊசியில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ். முன்னெச்சரிக்கைக்காக வைத்த இடைவெளி அது. மூன்று மாதமாக இருந்ததை 2001இல் அமெரிக்க நிபுணர் குழு 28 நாளாகக் குறைத்தது.

நோயே தாக்கினால்தான் ஆபத்து. முதல் 12 வாரத்துக்குள் தாய்க்கு ரூபெல்லா வந்தால், பத்தில் ஒன்பது கருக்கள் வரை பாதிக்கப்படலாம்: கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு. தாய்க்கோ லேசான காய்ச்சலும் தடிப்பும்தான். சிலருக்கு அதுவும் தெரியாது.

1941இல் இந்தத் தொடர்பைக் கண்டறிந்தவர் சிட்னி கண் மருத்துவர் நார்மன் கிரெக். மதுரையிலும் கண் மருத்துவர்களே இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்புரையோடு வந்த 514 குழந்தைகளை ஆராய்ந்த அறிக்கை 1996இல் வெளியானது. காயத்தால் வராத கண்புரையில், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்றுக்குக் காரணம் ரூபெல்லா. ஊசியால் தடுத்திருக்கக்கூடிய பார்வை இழப்பு என்பதை நினைக்கும்போது மனம் பதைக்கிறது. பின்னர் மதுரை, கோவை, திருநெல்வேலி அரவிந்த் மருத்துவமனைகளின் பெண் ஊழியர்களுக்கே ரத்தப் பரிசோதனை செய்து, எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களுக்கு ஊசி போட முன்வந்தார்கள்.

தமிழகத்தில் 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் நடந்தது. அப்போதே 15 வயதைத் தாண்டியிருந்த பெண்கள் அதில் சேரவில்லை. கல்யாணம் நிச்சயமானால் மண்டபம் பிடிக்கும் அவசரத்தில் இந்த ஊசியை யாரும் நினைப்பதில்லை. நினைக்க வேண்டிய நேரம் அதுதான்.

எல்லா ஊசிக்கும் இப்படிக் கர்ப்பத்துக்கு முன் இடைவெளி தேவையில்லை. தனுர்வாதத்துக்கும் தொண்டை அடைப்பானுக்கும் எதிரான டி.டி. ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது. கர்ப்பம் உறுதியானதும் முதல் தவணை, நான்கு வாரம் கழித்து அடுத்தது. கோவிட் ஊசியைக் கர்ப்பிணிகள் போட்டுக்கொள்ளலாம் என மத்திய அரசு 2021 ஜூலையில் அனுமதித்தது.

ரூபெல்லா ஊசி போடாமலே கர்ப்பமானவர்கள், பிரசவம் முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம். தாய்ப்பால் கொடுப்பதற்கு அது தடையில்லை.