தெரிவும் தேர்ச்சியும்: அமெரிக்க உதைபந்தாட்டத்தில் ஆளெடுக்கும் முறை

ஆளறிந்து கோடல் அரிய வினை. திருவள்ளுவர் பொருட்பாலின் அரசியலிலே 'தெரிந்து தெளிதல்' என ஓரதிகாரமும், அதனை அடுத்துத் 'தெரிந்து வினையாடல்' என ஓரதிகாரமும் வகுத்தமை இவ்வருமையை நோக்கியே போலும். ஆளைத் தெரிதல் ஒன்று. தெரிந்தவனுக்குத் தக்க வினையை அளித்து, அதனைச் செய்து முடிக்கும் வல்லமையை அவனிடத்தே வளர்த்தல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒரு நாட்டு மக்கள் காண ஆண்டுதோறும் சோதிக்கப்படும் இடம் ஒன்று உண்டு. அதுவே ஐக்கிய அமெரிக்காவின் தொழில்முறை உதைபந்தாட்டம்.

உதைபந்தாட்டம் என்றவுடன் நம் மாணாக்கர் மனத்தில் எழும் ஆட்டம் வேறு, இது வேறு. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், பிடித்தும், 100 யார் நீளமான களத்தின் எதிர் எல்லையைக் கடப்பதே இதன் நோக்கம். களத்தில் ஒரு பக்கத்துக்கு 11 பேரே நிற்பினும், தாக்குவோர் வேறு, தடுப்போர் வேறு, உதைப்போர் வேறு எனப் பிரிந்து நிற்றலின், ஒரு குழு போட்டிக் காலத்தில் 53 பேரைத் தன் நிரலிலே வைத்திருக்கும். மலைபோல் நின்று மறிப்போரும் வேண்டும். மான்போல் ஓடுவோரும் வேண்டும். இவர்க்கெல்லாம் மேலாக, பந்தைப் பெற்றுத் தாக்குதலை நடத்தும் 'குவாட்டர்பாக்' என்பார் ஒருவர் வேண்டும். அவரையின்றி ஏனையோர் திறமை பெரும்பாலும் வீணாகும்.

இக்குழுக்களின் கூட்டமைப்பு 1920ஆம் ஆண்டு தோன்றியது. தொடக்கத்திலே பல்கலைக்கழகத்தினின்று வெளிவரும் வீரர் தாம் விரும்பிய குழுவிற் சேரலாம். அதன் பயனாக, பணமும் புகழும் உள்ள குழுக்கள் மேன்மேலும் வலுப்பெற, ஏனையவை தேய்ந்தன. 1933, 1934 ஆகிய ஈராண்டும் இறுதிப் போட்டியில் மோதியவை சிக்காகோ பெயர்ஸும் நியூயோர்க் ஜயன்ற்ஸுமே. நலிந்த குழுக்களுள் ஒன்றான பிலடெல்பியா ஈகிள்ஸின் உரிமையாளர் பேட் பெல் என்பார், 1935ஆம் ஆண்டு ஒரு திட்டத்தை முன்வைத்தார். சென்ற பருவத்திற் கடைநிலை எய்திய குழு முதலில் ஒரு வீரரைத் தெரிக. வெற்றிவாகை சூடிய குழு ஈற்றில் தெரிக. தெரியப்பட்டவர் அக்குழுவோடு மட்டுமே ஒப்பந்தஞ் செய்க என்பதே அது. வலிய குழுக்களும் இதற்கு இணங்கின. எதிராளி இல்லாத ஆட்டத்தைக் காண எவரும் காசு கொடார் என்பதை அவை உணர்ந்தன போலும். 'டிராவ்ற்' என வழங்கும் இதனை யாம் முறைத்தெரிவு என்போம்.

முதலாவது முறைத்தெரிவு 1936ஆம் ஆண்டு பெப்புருவரி 8ஆம் நாள் பிலடெல்பியா நகரத்து விடுதியொன்றில் நடைபெற்றது. 9 குழுக்கள் 9 சுற்றுக்களில் 81 பேரைத் தெரிந்தன. முதலாவதாகத் தெரியப்பட்டவர் சிக்காகோப் பல்கலைக்கழகத்து ஜே பேர்வாங்கர். அக்காலத்துப் பல்கலைக்கழக வீரருள் தலைசிறந்தவரெனப் பரிசு பெற்றவர். அவரோ தொழில்முறைப் போட்டியொன்றிலேனும் ஆடாது வேறு தொழிலை நாடினார். முதற் பெயரே ஏமாற்றமாய் முடிந்தமை, பின்னர் நிகழவிருந்த பலவற்றுக்கு ஒரு முன்னறிகுறி எனலாம்.

இன்று குழுக்கள் 32; சுற்றுக்கள் 7; ஆண்டுதோறும் ஏறக்குறைய 250 இளைஞர் தெரியப்படுகின்றனர். தெரிவுரிமையைக் குழுக்கள் தம்முட் கைமாற்றிக் கொள்ளலாம். வருங்கால ஆண்டுகளுக்குரிய உரிமையையும் ஈடாகக் கொடுக்கலாம். இதனாலேயே முறைத்தெரிவு வெறும் பெயர்ப்பட்டியலாகாது, சதுரங்கம் போன்ற சூழ்ச்சிக்களமாயிற்று.

இதன் முதன்மையை மிகுவித்தது சம்பள வரம்பு. 1994ஆம் ஆண்டு முதல் ஒரு குழு தன் வீரர்க்கு ஓராண்டிற் கொடுக்கத்தக்க மொத்தத் தொகைக்கு ஓர் எல்லை விதிக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டில் அவ்வெல்லை 27 கோடியே 92 இலட்சம் டொலர். ஆகவே செல்வமுள்ள குழு சிறந்தோர் அனைவரையும் வாங்கிக் குவித்தல் இயலாது. புதிதாகத் தெரியப்பட்ட இளைஞர்க்குரிய ஊதியமோ 2011ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் பெரிதும் குறைக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டு முதலாவதாகத் தெரியப்பட்ட சாம் பிறட்பேட் ஆறாண்டுக்கு 7 கோடியே 80 இலட்சம் டொலருக்கு ஒப்பந்தஞ் செய்தார். அடுத்த ஆண்டு அதேயிடத்திற் தெரியப்பட்ட காம் நியூற்றன் நாலாண்டுக்குப் பெற்றது ஏறக்குறைய 2 கோடியே 20 இலட்சமே. அஃதாவது, நல்ல இளைஞரொருவர் வாய்ப்பின் நாலாண்டுக்காலம் குழு அவர் மதிப்பிலும் குறைந்த ஊதியத்துக்கு அவர் ஆட்டத்தைப் பெறும். மிஞ்சிய பணத்தால் ஏனைய இடங்களை நிரப்பும். நிரலமைத்தலின் மருமம் இதுவே.

இனி, இரசிகரிடையே ஓயாது நிகழும் வாதங்களை நோக்குவோம். முதலாவது வாதம்: பல தெரிவுகளைக் கொடுத்து ஒப்பற்ற ஒருவரைப் பெறுதல் நன்றோ, ஒருவரை விட்டுப் பல தெரிவுகளைச் சேர்த்தல் நன்றோ என்பது. பெரும்பாலான இரசிகர் முன்னதையே விரும்புவர். ஒரு பெயர் கண்முன் நிற்கும். வருங்காலத் தெரிவுகளோ முகமற்றவை. 1999ஆம் ஆண்டு நியூ ஓர்லியன்ஸ் செயின்ற்ஸ் குழு, அவ்வாண்டுக்குரிய தன் தெரிவுகள் யாவற்றையும், அடுத்த ஆண்டுக்குரிய முதற்சுற்று, மூன்றாஞ்சுற்றுத் தெரிவுகளையும் கொடுத்து, ஓட்டவீரர் றிக்கி வில்லியம்ஸைப் பெற்றது. அப்பருவத்தில் அக்குழு 16 போட்டிகளில் மூன்றிலேயே வென்றது, பயிற்றுநர் பதவியிழந்தார். வில்லியம்ஸ் திறமையற்றவரல்லர், 2002ஆம் ஆண்டு வேறு குழுவிலிருந்து கூட்டமைப்பிலேயே மிகுதியான ஓட்ட யார்களைப் பெற்றார். எனினும் ஒரு தூண் மட்டும் நாட்டி வீடு கட்டல் இயலாதன்றோ?

இதற்கு மறுதலையாக, டலஸ் கௌபோய்ஸ் குழு 1989ஆம் ஆண்டு ஒக்டோபரில் தன்னிடமிருந்த ஒரே பெரும் வீரரான ஹேர்ஷல் வோக்கரை மினசோற்றா வைக்கிங்ஸுக்குக் கொடுத்து, வீரர் சிலரையும் பல தெரிவுகளையும் பெற்றது. அப்பருவத்தில் டலஸ் ஒரேயொரு போட்டியில் வென்று 15இல் தோற்றது. ஆனால் அவ்வாறு பெற்ற தெரிவுகளின் உதவிகொண்டு, அடுத்த ஆண்டு 17ஆம் இடத்தில் எமிற் சிமித் என்பாரைத் தெரிந்தது; அவர் பின்னர் இவ்வாட்டத்தின் வரலாற்றிலேயே மிகுதியான ஓட்ட யார்களைப் பெற்றவரானார். 1992, 1993, 1995 ஆகிய மூன்று பருவங்களிலும் டலஸ் 'சூப்பர் போல்' என்னும் இறுதிப் போட்டியில் வாகை சூடிற்று.

இவ்விரு நிகழ்ச்சிகள் கொண்டு முடிவு கூறல் தருக்க முறையாகாது எனச் சிலர் கூறலாம். அது மெய்யே. ஆதலின் ஆராய்ச்சியாளர் கண்டதை நோக்குதல் தகும். கேட் மஸி, றிச்சட் தேலர் என்னும் இருவர் பல்லாண்டு முறைத்தெரிவுகளை ஆராய்ந்து 2013ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். இவருள் தேலர் 2017ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்றவர். குழுக்கள் முதன்மைத் தெரிவுகளுக்கு அவற்றின் பெறுமதியினும் மிக்க விலை கொடுக்கின்றன என்பதும், தம் கணிப்பின்மேல் அளவிறந்த நம்பிக்கை கொள்வதே அதன் காரணம் என்பதும் அவர் முடிபு. ஒரே நிலைக்கென அடுத்தடுத்துத் தெரியப்பட்ட இருவருள் முந்தியவர் பிந்தியவரிலும் சிறந்து விளங்கும் வாய்ப்பு 100க்கு 52 எனவும் கண்டனர். நாணயத்தைச் சுண்டுதலினும் இது சிறிதே மேலானது. முற்சுற்றிற் தெரியப்பட்டோர் சராசரியாகப் பிற்சுற்றினரிலும் மேம்பட்டோரே. ஆயினும் அடுத்தடுத்து நிற்கும் இருவரைப் பிரித்தறிய வல்லேம் எனக் கருதுவோர் பெரும்பாலும் தம்மையே ஏமாற்றுகின்றனர்.

இவ்வுண்மைக்கு ஒரே குழுவிலே இரு பக்கமும் காட்டும் சான்றொன்று உண்டு. 2021ஆம் ஆண்டு சன் பிரான்சிஸ்கோக் குழு மூன்று முதற்சுற்றுத் தெரிவுகளையும் ஒரு மூன்றாஞ்சுற்றுத் தெரிவையும் கொடுத்து, மூன்றாம் இடத்துக்கு ஏறி, டிரே லான்ஸ் என்னும் குவாட்டர்பாக்கைத் தெரிந்தது. இரண்டு பருவங்களின் பின் அவரை ஒரு நாலாஞ்சுற்றுத் தெரிவுக்கு விட்டுக்கொடுத்தது. அதே குழு 2022ஆம் ஆண்டு 262ஆம் இடத்தில், அஃதாவது ஈற்றிலே, பிறொக் பேர்டி என்பாரைத் தெரிந்தது. அவரே 2024ஆம் ஆண்டு பெப்புருவரியில் அக்குழுவை இறுதிப் போட்டியில் நடத்தினார். அவருடைய முதல் நாலாண்டு ஒப்பந்தம் ஏறக்குறைய 37 இலட்சம் டொலர். 2025ஆம் ஆண்டு செய்த ஐந்தாண்டு ஒப்பந்தமோ 26 கோடியே 50 இலட்சம் வரை செல்லத்தக்கது. இவ்விரு தொகைகளின் இடைவெளியே, மலிவான இளமைக்காலத்தில் நல்ல வீரரைக் கண்டெடுத்தலின் பயனை அளந்து காட்டும்.

அளவைகள் குறைந்தமையால் இப்பிழைகள் நேர்ந்தன எனக் கருதற்க. 1987ஆம் ஆண்டு முதல் இன்டியானாபொலிஸ் நகரில் இளைஞரை ஒருங்கு கூட்டி, உயரம், நிறை, 40 யார் ஓட்டத்தின் நேரம், பாய்ச்சல் என ஒவ்வொன்றையும் அளக்கின்றனர். இருந்தும், 2000ஆம் ஆண்டு ரொம் பிறேடி என்பார் 199ஆம் இடம்வரை காத்திருந்தார். ஆறு குவாட்டர்பாக்குகள் அவர்க்கு முன் தெரியப்பட்டனர். அவர் ஏழு முறை இறுதிப் போட்டியில் வென்றார். 1998ஆம் ஆண்டு பேற்றன் மானிங் முதலாவதாகவும் றயன் லீவ் இரண்டாவதாகவும் தெரியப்பட்டனர். முன்னவர் பெரும்புகழ் எய்தினார். பின்னவர் 2001ஆம் ஆண்டுக்குப்பின் களத்தில் ஆடிலர். கால்களின் விரைவைக் கடிகாரம் காட்டும். தோல்வியின் பின்னும் கற்கும் மனத்தைக் காட்டும் கருவி இல்லை.

இரண்டாவது வாதம்: நிரலில் வெற்றிடமாயுள்ள நிலைக்கு ஆள் தெரிவதா, எந்நிலையினராயினும் எஞ்சியோருட் சிறந்தவரைத் தெரிவதா என்பது. இன்றைய ஓட்டையை அடைக்க விரும்புவார் முன்னதை நாடுவர். யாம் பின்னதையே பெரும்பாலும் சரியென்போம், ஏனெனில் வெற்றிடங்கள் ஆண்டுக்காண்டு மாறும், திறமை நிலைக்கும். 2005ஆம் ஆண்டு கிறீன் பே பக்கேர்ஸ் குழுவிலே பிறெற் பாவ் என்னும் பெயர்பெற்ற குவாட்டர்பாக் இருந்தார். அவ்வாறிருந்தும் 24ஆம் இடத்தில் அதே நிலைக்கு ஏரன் றொஜேர்ஸைத் தெரிந்தனர். அவர் மூன்று பருவங்கள் பக்கத்தில் இருந்து கற்றார். 2008ஆம் ஆண்டு பொறுப்பேற்றார். 2010ஆம் ஆண்டுப் பருவத்தின் இறுதிப் போட்டியில் வென்றார். ஈண்டு தெரிவினும் பெரிது, தெரிந்தபின் காத்த பொறுமையே. வள்ளுவர் இரண்டாவதாக வைத்த அதிகாரம் இங்கே பொருள்படுகின்றது.

இதுகாறும் குழுவின் பக்கம் நின்று பேசினோம். தெரியப்படும் இளைஞனின் பக்கமும் நோக்கல் வேண்டும். ஏனைத் தொழில் கற்றவன் தான் பணிசெய்யும் இடத்தைத் தானே நாடலாம். இவனுக்கோ அவ்வுரிமை இல்லை. 1968ஆம் ஆண்டு நடந்த முறைத்தெரிவு வணிகப் போட்டியைக் காக்கும் சட்டத்துக்கு முரணானது என ஐக்கிய அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 1978ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. வீரர் சங்கத்தோடு செய்த கூட்டு உடன்படிக்கையின் வலிமையாலேயே இம்முறை இன்று நிலைக்கின்றது. குழுக்களிடையே சமநிலை பேணுதல் நன்றே. ஆயின் அதன் விலையை இளைஞனே இறுக்கின்றான். தன்னைத் தெரிந்த குழு திறமையற்றதாயின், அவன் இளமையின் நல்ல ஆண்டுகள் அங்கே கழியும். ஆகவே, தெரியும் உரிமை பெற்றார்க்கு வளர்க்கும் கடமையும் உண்டு. தெரியப்பட்டவர் சிறவாதவிடத்து, "ஆள் தவறு" என்று கூறி ஒதுங்கல் எளிது. தக்க பயிற்சியும் தக்க இடமும் காலமும் கொடுத்தோமா என்று வினாவுதல் அரிது.

ஆகவே, நிரலமைப்பார்க்கு யாம் கூறத்தக்கவை மூன்று. தம் கணிப்பு தவறும் என்பதை முன்னரே ஏற்று, ஒருவர்மேல் யாவற்றையும் வையாது பல தெரிவுகளைக் கைக்கொள்க. இன்றைய குறையை மட்டும் நோக்காது திறமையை நோக்குக. தெரிந்தபின் அளவுகோலைக் கீழே வைத்து, ஆசிரியராகுக.

இம்மூன்றும் பந்தாட்டக் களத்துக்கு மட்டும் உரியனவல்ல. இளைஞரை ஒருநாட் சோதனையால் நிரைப்படுத்தும் இடம் எதுவாயினும், அந்நிரை ஓர் ஊகமேயன்றி முடிந்த தீர்ப்பன்று. 199ஆம் இடத்தில் நிற்பானையும் முதலிடத்தானைப் போலவே பயிற்றுதல் வேண்டும். நாளை முன்னிற்பவன் யாவனென்பதை இன்று எவரும் அறியார்.