எட்டுப் பேர் வேலை செய்தும் குரல் வெடிப்பது ஏன்? ஒலிப்பதிவுக்குப் புதிய கணினி வாங்குமுன் சில வார்த்தைகள்

நமது பாடசாலைகளிலும் ஊர் அமைப்புகளிலும் ஒலிப்பதிவு செய்வது இப்போது சாதாரண விடயமாகிவிட்டது. தமிழ் மொழித்தினப் போட்டிக்கான குழுப்பாடல், பாடசாலைக் கீதம், பிள்ளைகளின் நாடகம், பெரியவர்களின் கவி என்று எதையும் ஒரு கணினியும் ஒரு மைக்கும் இருந்தால் ஊரிலேயே பதிந்துவிடலாம். ஆனால் இந்த வேலையில் இறங்கியவர்களில் அநேகர் முகம்கொடுக்கும் பிரச்சினை ஒன்று உண்டு. பாடிக்கொண்டிருக்கும்போதே 'டிக்', 'டப்' என்று சத்தம் வெடிக்கும். சில இடங்களில் குரல் வெட்டுப்படும். உடனே "கணினி காணாது, புதிதாக வாங்க வேண்டும்" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். நானும் அந்த முடிவுக்குத்தான் வந்தேன். அது பிழையான முடிவு என்பதைக் காலம் தாழ்த்தியே அறிந்துகொண்டேன்.

நான் கிழக்கு மாகாணத்தில் தமிழ் கற்பிக்கும் ஓர் ஆசிரியர். கலாசாலையில் நாங்கள் பயிற்சி பெற்ற காலத்தில் வெண்கட்டியும் கரும்பலகையும்தான் எங்களது தொழில்நுட்பம். கணினியைப் பிற்பாடு தேவைக்காகக் கற்றுக்கொண்டேன். நமது பகுதியின் நாட்டார் கவிகளைப் பதிந்து மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தில், களிகம்பு அடிக்கும் பையன்களையும் குழுவாகப் பாடும் பிள்ளைகளையும் முதலில் பதிந்தோம். பதினான்கு தடங்கள் சேர்ந்தன. பிறகு, எழுபத்தைந்து வயது தாண்டிய ஓர் உம்மம்மாவை அழைத்து வந்து, அந்தத் தாளத்தை ஹெட்போனில் கேட்கவைத்து, தனது தாயாரிடம் கேட்டுப் பழகிய கவிகளைப் பாடச் செய்தோம்.

மூன்றாவது கவியில் வெடிக்கத் தொடங்கியது. கேட்கும்போது மட்டும் வெடித்திருந்தால் பரவாயில்லை. பதிவான கோப்பிலேயே இடைவெளிகள் விழுந்திருந்தன. அதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. இன்னொரு நாள் வந்து பாடித் தருமாறு கேட்டேன். "மனே, இன்டைக்கிப் பாடினத்த நாளைக்கி அப்பிடியே பாட ஏலுமா?" என்றார் அவர்.

கணினியை விற்ற கடைக்காரரிடம் கேட்டால், இன்னும் அதிக கோர் உள்ள கணினி வாங்குங்கள் என்றார். பழைய மாணவர் சங்கத்திடம் பணம் கேட்கவும் ஆயத்தமானோம். ஆனால் ஒரு விடயம் மனதை உறுத்தியது. எங்களது கணினி நான்கு கோர் கொண்டது; வின்டோஸ் அதை எட்டு லொஜிக்கல் புரொசசர்களாகக் காட்டும். சத்தம் வெடித்த நேரத்தில் டாஸ்க் மெனேஜரைத் திறந்து பார்த்தபோது மொத்தப் பாவனை வெறும் முப்பது வீதம்தான். எழுபது வீதம் சும்மா இருக்கும் இயந்திரம் ஏன் திணற வேண்டும்?

இதை விளங்கிக்கொள்ள முதலில் ஒலிப்பதிவு என்றால் கணினிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மைக்கில் வரும் குரல் எண்களாக மாற்றப்படுகிறது. வழமையாக ஒரு செக்கனுக்கு 44,100 அல்லது 48,000 எண்கள். இவற்றைக் கணினி ஒவ்வொன்றாகக் கையாளாமல் சிறு சிறு கட்டுகளாக எடுத்துக்கொள்கிறது. அந்தக் கட்டின் அளவுக்குத்தான் பஃபர் என்று பெயர். பஃபரை 64 என்று வைத்தால், 48,000 என்ற வேகத்தில் ஒரு கட்டுக்குரிய நேரம் 1.3 மில்லிசெக்கன் மாத்திரமே. 256 என்றால் 5.3 மில்லிசெக்கன். 1024 என்றால் 21.3 மில்லிசெக்கன். அந்த நேரத்துக்குள் எல்லாத் தடங்களினதும் கணக்கு முடிந்து, சத்தம் வெளியே போயாக வேண்டும். ஒரு கட்டு ஒரே ஒரு தடவை பிந்தினாலும் நமது காதில் 'டிக்' என்று விழும். பரீட்சைப் புள்ளிகளைக் கணக்கிடும் கணினி ஒரு செக்கன் தாமதித்தால் யாருக்கும் தெரியாது. ஒலிப்பதிவில் அந்தச் சலுகை இல்லை.

இப்போது கலியாண வீட்டுச் சமையலை நினைத்துப் பாருங்கள். எட்டுச் சமையல்காரர்கள் இருக்கிறார்கள். எட்டுச் சட்டியில் சோறு ஆக்குவதாக இருந்தால் ஆளுக்கொரு சட்டியாக எடுத்து, வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஒரே சட்டி என்றால்? அரிசி கழுவ வேண்டும், பிறகு தாளிக்க வேண்டும், பிறகு வேகவிட வேண்டும், பிறகு தம் போட வேண்டும். கழுவாத அரிசியை ஒருவர் வேகவைக்கும் அதே நேரத்தில் இன்னொருவர் தம் போட முடியாது. ஏழு பேர் கைகட்டி நிற்க, ஒருவர்தான் ஓடித் திரிவார். சகன் போடும் நேரம் வந்தும் சோறு வராது. அந்த நேரத்தில் எட்டுப் பேரின் உழைப்பையும் சராசரி எடுத்தால், "ஆட்கள் சும்மாதான் நிற்கிறார்கள்" என்றே கணக்கு வரும்.

ஒலிப்பதிவு மென்பொருளும் பெரும்பாலும் இப்படித்தான் வேலையைப் பிரிக்கிறது. வெவ்வேறு தடங்களை வெவ்வேறு கோர்களுக்குக் கொடுக்கலாம். ஆனால் ஒரு தடத்தின் மேல் வரிசையாக வைத்த பிளகின்கள், அதாவது இரைச்சல் நீக்கி, பிறகு ஈக்யூ, பிறகு நம்மவர்கள் 'எக்கோ' என்று சொல்லும் ரிவேர்ப், ஒன்றன்பின் ஒன்றாகவே நடக்க வேண்டும். முன்னையது முடியாமல் பின்னையது தொடங்காது. கடைசியில் எல்லாத் தடங்களும் சேரும் மாஸ்டர் தடம், மற்ற எல்லாம் முடியும் வரை காத்திருக்க வேண்டும். எட்டு லொஜிக்கல் புரொசசர்களில் ஒன்று முழுதாக நிரம்பினால் டாஸ்க் மெனேஜரின் மொத்தக் கணக்கில் அது 12.5 வீதம் மட்டுமே. அத்துடன் அந்த வரைபடம் ஏறத்தாழ ஒரு செக்கனுக்கு ஒரு தடவைதான் புதுப்பிக்கப்படுகிறது. 1.3 மில்லிசெக்கனுக்குள் நடக்கும் விபத்தை அது எப்படிக் காட்டும்?

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட குறைபாடல்ல. ஜீன் அம்டால் என்ற கணினி வடிவமைப்பாளர் 1967ஆம் ஆண்டிலேயே இதைச் சுட்டிக்காட்டினார். ஒரு வேலையில் பத்தில் ஒன்பது பங்கைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்கலாம், ஒரு பங்கைப் பிரிக்க முடியாது என்று வைத்துக்கொள்வோம். நான்கு புரொசசர்கள் சேர்ந்தாலும் வேகம் நான்கு மடங்காகாது. சுமார் மூன்று மடங்குதான். ஆயிரம் புரொசசர்களைச் சேர்த்தாலும் பத்து மடங்கைத் தாண்டாது. 2005ஆம் ஆண்டளவில் இன்டெல், ஏஎம்டி ஆகிய நிறுவனங்கள் இரட்டைக் கோர் புரொசசர்களை வீட்டுக் கணினிகளுக்குக் கொண்டுவந்தன. அதிலிருந்து கோர்களின் எண்ணிக்கையே விளம்பரமாகிவிட்டது. நாமும் அந்த எண்ணைப் பார்த்தே வாங்கப் பழகிவிட்டோம்.

எங்களது கணினியில் நடந்த தவறு இதன் பின்னர்தான் விளங்கியது. நாங்கள் பயன்படுத்துவது ரீப்பர் என்ற மென்பொருள். ஒரு காலத்தில் நாமெல்லாம் பாட்டுக் கேட்ட வின்அம்பை உருவாக்கிய ஜஸ்டின் ஃபிரான்கலின் தயாரிப்பு அது. ஏற்கனவே பதிவான தடங்களை அது சற்று முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ளும். கியூபேஸ் மென்பொருளில் ஏசியோ கார்ட் என்ற வசதியும் இதே வேலையைச் செய்கிறது. ஆனால் பதிவாகிக்கொண்டிருக்கும் தடத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. இன்னும் பாடப்படாத குரலை யாரால் முன்கூட்டிக் கணக்கிட முடியும்? நாங்களோ உம்மம்மாவின் தடத்தில்தான் நான்கு கனமான பிளகின்களை அடுக்கியிருந்தோம். போதாக்குறைக்குப் பஃபரையும் 64இல் வைத்திருந்தோம். ஒரே சட்டியில் முழுச் சோற்றையும் போட்டு, நேரத்தையும் குறைத்துக் கொடுத்த கதைதான்.

எனவே சத்தம் வெடித்தால் கீழ்வரும் விடயங்களை ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும்.

முதலாவது, டாஸ்க் மெனேஜரை நம்பாமல் மென்பொருளின் சொந்த அளவுமானியைப் பாருங்கள். ரீப்பரில் பெர்போமன்ஸ் மீட்டர் என்று இருக்கும். அதில் 'ஆர்டி சிபியு' என்ற வரிதான் முக்கியம். கெடு நேரத்துக்குள் வேலை முடிகிறதா என்பதை அது காட்டும். பிளகின்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் பாரம் எங்கிருந்து வருகிறது என்பது ஐந்து நிமிடத்தில் பிடிபடும்.

இரண்டாவது, குரலைப் பச்சையாகப் பதியுங்கள். பதியும் தடத்தில் எந்தப் பிளகினும் வேண்டாம். இரைச்சல் நீக்குவதும் எக்கோ சேர்ப்பதும் பாடியவர் வீட்டுக்குப் போன பிறகு ஆறுதலாகச் செய்யும் வேலைகள்.

மூன்றாவது, பஃபரை வேலைக்கு ஏற்ப மாற்றுங்கள். பதியும்போது 128 அல்லது 256, கலவை செய்யும்போது 1024. பதியும்போது 1024 வைத்தால் உள்ளே வரும் குரலுக்கு 21, வெளியே போகும் குரலுக்கு 21 என்று நாற்பது மில்லிசெக்கனுக்கு மேல் பிந்தி, பாடுபவருக்குத் தன் குரலே தடுமாற்றமாகக் கேட்கும். மைக்கைக் கணினியுடன் இணைக்கும் ஓடியோ இன்டர்பேஸ் பெட்டியில் 'டிரெக்ட் மொனிட்டர்' என்ற வசதி இருந்தால், குரல் கணினிக்குள் போய்த் திரும்பாமல் நேரடியாக ஹெட்போனுக்கு வரும். அப்போது பெரிய பஃபரிலும் பயமின்றிப் பதியலாம்.

நான்காவது, எக்கோவைத் தடத்துக்குத் தடம் போடாதீர்கள். பதினான்கு தடத்தில் பதினான்கு எக்கோ வைப்பதை விட, ஒரு தனித் தடத்தில் ஒன்றை வைத்து மற்ற எல்லாத் தடங்களிலிருந்தும் தேவையான அளவு குரலை அதற்கு அனுப்பலாம். மாஸ்டர் தடத்தில் வைக்கும் பிளகின்களை வேலையின் கடைசி நாளுக்கு ஒதுக்குங்கள்.

ஐந்தாவது, வேலை முடிந்த தடங்களை 'ஃபிரீஸ்' செய்யுங்கள். பிளகின்களின் விளைவோடு அந்தத் தடம் சாதாரண ஒலிக் கோப்பாக மாறிவிடும். மாற்றம் தேவைப்பட்டால் பழைய நிலைக்குத் திருப்பவும் முடியும். பாடுபவர் கேட்பதற்கு மட்டும் என்றால், எல்லாத் தடங்களையும் ஒரே ஸ்டீரியோ கோப்பாகக் கலந்து, அதை மட்டும் போட்டால் போதும்.

ஆறாவது, கணினியின் பழக்கவழக்கங்களைக் கவனியுங்கள். வின்டோஸில் இன்டர்பேஸுக்குரிய ஏசியோ டிரைவரைத் தெரிவு செய்யுங்கள். பவர் ஒப்ஷன்ஸில் 'ஹை பெர்போமன்ஸ்' வையுங்கள். மின்சாரத்தைச் சேமிக்க புரொசசர் தூங்கி எழும்பும் நேரம்கூட வெடிப்புக்குக் காரணமாகலாம். வைஃபையை நிறுத்துங்கள். அதன் டிரைவர் சில கணினிகளில் புரொசசரை இடைமறித்துப் பிடித்துக்கொள்ளும். லேட்டன்சிமொன் என்ற இலவச மென்பொருள் அந்தக் குற்றவாளியைப் பெயரோடு காட்டித் தரும். நமது வெயிலில் இன்னொன்றும் முக்கியம். மடிகணினியை மெத்தையிலோ துணியிலோ வைத்தால் காற்று அடைபட்டுச் சூடேறி, புரொசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

இத்தனையும் செய்த பிறகும் வெடித்தால் புதிய கணினி பற்றி யோசிக்கலாம். அப்போதும் எத்தனை கோர் என்று மட்டும் கேட்காமல், ஒரு தனிக் கோரின் வேகம் என்ன என்றும் கேளுங்கள். வேகம் குறைந்த பல கோர்களை விட, வேகம் கூடிய சில கோர்கள் பதியும் நேரத்தில் அதிகம் உதவும். நிறையத் தடங்கள் வைத்துக் கலவை செய்பவர்களுக்கே கோர்களின் எண்ணிக்கை கைகொடுக்கும்.

மூன்று வாரங்களுக்குப் பிறகு அந்த உம்மம்மா மீண்டும் வந்தார். அதே கணினி, அதே மைக். பதினான்கு தடங்களையும் ஒரே கோப்பாக்கி, அவரது தடத்தில் எதுவும் வைக்காமல், பஃபரை 256இல் வைத்துப் பதிந்தோம். ஒரு வெடிப்பும் இல்லை. ஆனால் அன்று வெட்டுப்பட்ட அந்த மூன்றாவது கவியின் கடைசி இரண்டு அடிகளும் அவருக்கு வரவில்லை. பல தடவை முயன்று பார்த்துவிட்டு, "மறந்திட்டு மனே" என்றார். வெட்டுப்பட்ட பழைய பதிவில் அந்த அடிகளின் சில சொற்கள் மட்டும் கேட்கின்றன. அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

பழைய மாணவர் சங்கத்திடம் புதிய கணினி கேட்கும் கடிதத்தை நாங்கள் அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக, நல்ல மைக் ஒன்றும், மற்றப் பெரியவர்களின் வீடுகளுக்குச் சென்றுவர வாகனச் செலவும் கேட்டோம். நமது ஊர்களில் கவி தெரிந்தவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே போகிறது. இந்த வேலையில் ஈடுபடும் ஆசிரியர்களிடமும் இளைஞர்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: பெரியவர் வந்து கதிரையில் உட்காருமுன், நீங்களே மைக்கின் முன்னால் நின்று பத்து நிமிடம் பதிந்து, முழுவதையும் கேட்டுப் பாருங்கள்.