மஞ்சள் பலகைக்குப் பின்னால்

ஸ்காட்லாந்துக் கிராமத்துச் சாலைகளில் கோடை ஞாயிற்றுக்கிழமையன்று மஞ்சள் பலகை ஒன்று கண்ணில் பட்டால் வண்டியை ஓரங்கட்டிவிடுங்கள். யாரோ ஒரு புண்ணியவான் தன் வீட்டுத் தோட்டத்தை ஊருக்குத் திறந்துவிட்டிருக்கிறார். சில பவுண்டு கொடுத்தால் பூவும் பார்க்கலாம், கேக்கும் சாப்பிடலாம். வசூல் தொண்டுக்குப் போகும். ‘ஸ்காட்லாண்ட்ஸ் கார்டன்ஸ் ஸ்கீம்’ என்ற அமைப்பு 1931இல் ஆரம்பித்துவைத்த வழக்கம் இது. வீடுவீடாகப் போய் நோயாளிகளைக் கவனித்த தாதியரின் பயிற்சிக்கும் ஓய்வூதியத்துக்கும் காசு சேர்க்கத்தான் முதலில் தோட்டக் கதவுகள் திறந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது அதற்கு முந்தைய சனிக்கிழமை! பெர்த்ஷயரில் ஒரு பழைய பாதிரியார் இல்லம். அதில் இப்போது குடியிருப்பவர்கள் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அம்மையார், அவர் கணவர், சொல்பேச்சு கேட்காத நாய் ஒன்று. இனி அவரை டீச்சர் என்றே சொல்கிறேன். “வரலாம், ஆனால் சும்மா நிற்கக் கூடாது” என்று நிபந்தனை போட்டார். நிற்பேனா? ஓடினேன்.

நீங்களும் கூடவே வாருங்கள். போகிற வழியிலேயே ஒரு தரிசனம் இருக்கிறது. பெர்த்திலிருந்து பிளேர்கவ்ரி போகும் சாலையில் மிக்ளூர் பீச் மரவேலி. வேலி என்றால் இடுப்பளவு என்று நினைத்துவிடாதீர்கள். 30 மீட்டர் உயரம், அரை கிலோமீட்டருக்கு மேல் நீளம், நட்டது 1745இல். நட்ட ஆட்கள் மறுவருஷமே கலோடன் போரில் மாண்டுபோனார்கள், அவர்கள் நினைவாக வேலியை வானம் பார்த்து வளர விட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. கதை நிஜமோ பொய்யோ, கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தேன். வேலிக்கே இந்தப் பாடு என்றால் உள்ளே இருக்கிற தோட்டங்களை என்ன சொல்வது!

டீச்சர் வீட்டில் முன்வாசல் சாத்தியிருந்தது. “அது நாளைக்கு. இன்றைக்குப் பின்வழிதான்” என்றார். பின்வழி என்பது கல்யாண வீட்டின் பின்கட்டுதான்: எங்கே பார்த்தாலும் சாமான், எல்லார் கையிலும் வேலை, யாரும் யாருக்கும் வழிவிடுவதாக இல்லை. கவிழ்த்துப்போட்ட தள்ளுவண்டிகள், சுருண்டு கிடக்கும் ரப்பர்க் குழாய், உடைந்த மண்தொட்டிகள், மழையில் நனைந்த மூட்டை மூட்டையாக எரு. ஒரு மூலையில் மூடிபோட்ட பீப்பாய். ஆசையாக மூடியைத் திறந்தேன். அடேயப்பா! நெட்டில் என்கிற அரிப்புச் செடியைத் தண்ணீரில் ஊறப்போட்டு வாரக்கணக்கில் அழுகவிட்ட சாறு. நாளைக்கு மக்கள் கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்க்கப்போகிற பூக்களுக்கு இதுதான் சாப்பாடு. திறப்பு நாளில் இந்தப் பக்கம் கயிறு கட்டி மறித்துவிடுவார்களாம். இல்லாவிட்டால் வந்த கூட்டம் கேக் சாப்பிடாது.

பக்கத்திலேயே தொட்டிக் கொட்டகை. வாரத்துக்கு இரண்டு நாள் வரும் தோட்டக்காரப் பெரியவரின் ராஜ்ஜியம் அது. எழுபதைத் தாண்டியவர். பொத்தான் போன கோட்டு, கரகரக்கும் ரேடியோ, பிஸ்கட் டப்பா நிறைய விதைப் பொட்டலங்கள். கதவின் உள்பக்கத்தைப் பாருங்கள் என்றார். பார்த்தேன். பென்சிலால் வருஷக் கணக்காக எழுதிவைத்திருக்கிறார்: தகைவிலான் குருவி முதலில் வந்த நாள், கடைசிப் பனி விழுந்த நாள், யாருடைய ஆடு புகுந்து எதை மேய்ந்தது என்கிற குற்றப்பத்திரிகை. ஒரு வரி: “ஜூன் 2. பனி. போச்சு உருளைக்கிழங்கு.” மேற்கொண்டு விளக்கம் இல்லை. எனக்கு அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு வந்துவிடலாமா என்றிருந்தது.

சரி, தோட்டத்துக்குள் போவோம். மதில் சூழ்ந்த பழைய காய்கறித் தோட்டம், இப்போது பாதிக்குமேல் பூ. ஆளுயரத்தையும் தாண்டிய கல்மதில் வெயிலைக் குடித்துவைத்துக்கொண்டு ராத்திரியில் மெல்ல விடும். அதனால்தான் இந்தக் குளிர்தேசத்தில் தெற்கு பார்த்த சுவரில் பிளம் மரத்தை விசிறி விரித்துக் கட்டி வளர்க்க முடிகிறது. மதிலில் துருப்பிடித்த பழைய ஆணிகள் நூற்றுக்கணக்கில். எத்தனை தலைமுறைத் தோட்டக்காரர்கள் அடித்தவையோ!

பெரிய பூம்பாத்தியில் நேற்றைய மழை தன் வேலையைக் காட்டியிருந்தது. டெல்ஃபினியம் எல்லாம் குடித்துவிட்டுச் சாய்ந்து கிடந்தன. பெரியவர் ஹேசல் மரக் குச்சிகளை இலைமறைவில் சொருகி, பச்சை நூலால் ஒவ்வொன்றையும் தூக்கி நிறுத்தினார். நூலை நீட்டும் வேலை எனக்கு. முடிச்சு வெளியே தெரிந்தால் ஒரு முறைப்பு. நத்தை தின்று பாழாக்கிய இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது. அதற்கு என்ன செய்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி வீட்டுக்குப் போனார், பூத்துக் குலுங்கும் லூப்பின் ஒன்றைத் தொட்டியோடு தூக்கி வந்தார், குழி தோண்டினார், தொட்டியோடு இறக்கினார், மேலே மண்ணைத் தள்ளினார். ஐந்து நிமிஷத்தில் பிறந்ததிலிருந்து அங்கேயே வளர்ந்த செடி!

“ஏமாற்று வேலை இல்லையா?” என்றேன்.

“சினிமாவில் பின்னால் நிற்கிற அரண்மனை எல்லாம் நிஜமா?” என்று கண்ணடித்தார்.

இதற்கிடையே டீச்சரின் கணவர் புல்வெட்டும் இயந்திரத்தோடு மேலும் கீழுமாக நடந்து, புல்தரையில் வெளிர்ப்பச்சையும் கரும்பச்சையுமாகப் பட்டை போட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் ஓரங்களை நீளக் கைப்பிடிக் கத்தரியால் நறுக்கினார். பிறகு, நாளை மதியம்வரை யாரும் புல்லில் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. டீச்சரே சுற்றிக்கொண்டுதான் போனார். நாய் மட்டும் நட்ட நடுவில் போய்ப் படுத்துக்கொண்டது.

இனி வருவதுதான் நான் உங்களுக்காக ஆசையாக எடுத்துவைத்திருக்கும் விஷயம். மதிலுக்கு வெளியே, மரநிழலில், ஈர மண்ணில் நீலப் பாப்பி! மெகனாப்சிஸ் என்று தாவரவியல் பெயர். வானத்தைக் கிள்ளி எடுத்த நீலம். சொந்த ஊர் இமயமலைப் பக்கம். வெயில் கொஞ்சம் ஓங்கினாலும் உயிரை விட்டுவிடும். லண்டன் பக்கத்துத் தோட்டக்காரர்கள் இதை வளர்க்கப் படாதபாடு படுவார்கள். ஸ்காட்லாந்திலோ எல்லாரும் திட்டித்தீர்க்கிற அதே குளிரும் தூறலும்தான் இதற்குச் சொர்க்கம். பூட்டானிலும் திபெத்திலும் அலைந்து செடி சேகரித்த ஜார்ஜ் ஷெரிஃப், ஊர் திரும்பி ஆங்கஸில் இருக்கும் ஆஸ்க்ரீவி என்ற இடத்தில் நீலப் பாப்பிகளை வளர்த்துப் பேர் வாங்கினார். இங்கிருந்து அதிக தூரமில்லை.

சீசனின் கடைசிப் பூக்கள் அவை. இதழோ டிஷ்யூ காகிதத்தைவிட மெலிசு. மேகம் திரண்டது. “அந்த மலை தெரிந்தால் மழை வரப்போகிறது. தெரியாவிட்டால் வந்துவிட்டது” என்று இந்த ஊரில் சொல்லுவார்கள். மலை தெரியாமல் போனது. டீச்சர் வீட்டுக்குள் ஓடினார், இருந்த குடைகளையெல்லாம் அள்ளி வந்தார், பூக்களின் மேல் ஒவ்வொன்றாக விரித்து நட்டார். கோல்ஃப் குடைகளுக்கு அடியில் பாப்பிகள் சொகுசாக நிற்க, நாங்கள் நான்கு பேரும் தொப்பலாக நனைந்துகொண்டு அவற்றைக் காவல் காத்தோம். குளிரில் பல் கிட்டியது. சிரித்து மாளவில்லை.

அடுப்படி தனிப் போர்க்களம். கிராமத்துப் பெண்கள் சங்கத்தை இங்கே செல்லமாக ‘ரூரல்’ என்பார்கள். அதன் அங்கத்தினர்கள் ஆளுக்கொரு டப்பாவோடு வந்திறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஜாம் வைத்த விக்டோரியா ஸ்பாஞ்ச், ஸ்கோன், ஷார்ட்பிரெட், பாலும் சர்க்கரையும் வெண்ணெயும் காய்ச்சி இறுகவைத்த டாப்லெட். இந்த டாப்லெட் நம் நாக்குக்கு அப்படியே ஒத்துப்போகும், ஜாக்கிரதை, கை நிற்காது. யார் ஸ்கோன் அதிகம் எழும்பியிருக்கிறது என்று இரண்டு அம்மாக்கள் நடுவே புன்னகையோடு ஒரு பனிப்போர். சர்ச் ஹாலிலிருந்து இரவல் வாங்கிய பெரிய டீ பாய்லரைச் சோதிக்கச் சொருகினார்கள். வீடு மொத்தமும் இருட்டு. கணவரின் குரல் மாடியிலிருந்து: “வருஷா வருஷமா?”

மழை விட்டது, காற்றும் நின்றது. அந்த நேரம் பார்த்து வந்தன மிட்ஜ் பூச்சிகள். கண்ணுக்குத் தெரியாத பொடிசு, ஆனால் கடி! இங்கே இருப்பது ஒன்றுமே இல்லை, மேற்குக் கரைக்குப் போய்ப் பாருங்கள் என்று பெரியவர் ஆறுதல் சொன்னார். தலையில் வலைத்தொப்பி மாட்டிக்கொண்டு, ஏவான் கம்பெனியின் ‘ஸ்கின் ஸோ சாஃப்ட்’ எண்ணெயைக் கைகளில் தடவிக்கொண்டார். மேனி மினுமினுக்க விற்கிற எண்ணெய்தான், ஆனால் இந்த நாட்டில் மிட்ஜ் விரட்டுவதற்கே பேர் போனது. ஜூன் மாதம் என்பதால் இரவு பத்து மணிவரை வெளிச்சம். அதுவரை வேலையும் ஓயவில்லை. ஒன்பதரைக்கு நான் கண்ட காட்சி: டீச்சர் குனிந்து, கல் பாவிய நடைபாதை இடுக்கில் ஒரு களையைச் சமையலறைக் கத்தியால் கிளறிக்கொண்டிருந்தார்.

மறுநாள் இரண்டு மணிக்குக் கதவு திறக்க வேண்டும். ஒன்றரைக்கே வரிசை! பக்கத்து விவசாயி தன் மேய்ச்சல் நிலத்தைக் கார் நிறுத்தக் கொடுத்திருந்தார். காலையில் ஆட்டுப் புழுக்கையை மண்வெட்டியால் வாரிக் கொட்டியவர்களில் நானும் ஒருத்தி. குடைகள் மறைந்தன, தள்ளுவண்டிகள் மறைந்தன, பீப்பாய்க்குக் கயிறு கட்டியாயிற்று. டீச்சர் மண்படிந்த பூட்ஸைக் கழற்றிவிட்டு முத்துமாலை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். நேற்றைய ஆள்தானா என்று எனக்கே சந்தேகம்.

கூட்டம் பூ பக்கம் போகவில்லை. நேராகச் செடி விற்கும் மேசைக்குப் பாய்ந்தது. நல்ல செடிகள் முதல் கால் மணியிலேயே தீர்ந்துவிடும் என்பது பழகியவர்களுக்குத் தெரியும். நீலப் பாப்பி நாற்றுகளுக்குக் கிட்டத்தட்ட அடிதடி. மேசையில் ஏமாந்த ஒரு மனிதர் பூம்பாத்தி ஓரமாக நடந்து வந்தார். சட்டென்று நின்றார். குனிந்தார். நேற்று இறக்கிய லூப்பின் தொட்டியின் விளிம்பு, ராத்திரி மழையில் மண் கரைந்து, லேசாக எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது.

“இது விற்பனைக்கா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெரியவர் கொஞ்சமும் அசரவில்லை. “ஐந்து பவுண்டு” என்றார். தொட்டியைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டுக் காசை உண்டியலில் போட்டார். பாத்தி நடுவே பெரிய பள்ளம். தூரத்திலிருந்து டீச்சரின் பார்வை நேராக அதன்மேல் விழுந்தது.

“தொண்டுக்குத்தானே!” என்று அங்கிருந்தே சத்தம் போட்டுவிட்டு, பெரியவர் இன்னொரு தொட்டி தூக்கிவரக் கண்ணாடி வீட்டைப் பார்த்து ஓடினார்.