மனசு விட்டுப் போன வாத்தியார்: ஒரு எச்.எம். கையில் என்ன இருக்கு?

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரைக்கும் எந்த ஃபேக்டரியை எடுத்தாலும், லைன் சூப்பர்வைசர் கையில் சில விஷயங்கள் இருக்கும். ஷிப்ட், ஓவர்டைம், லீவு. அதே சாலையில் இருக்கும் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் கையில்? ஆசிரியர்களை அவர் தேர்வு செய்வதில்லை, அது ஆசிரியர் தேர்வு வாரியத்தின் வேலை. சம்பளம் அரசாணைப்படி வருது. டிரான்ஸ்ஃபர் கவுன்சிலிங்கில் நடக்குது. அப்புறம் அவர் எப்படிப்பட்டவராக இருந்தால் என்ன?

கிரெமர், முரளிதரன் உள்ளிட்டோர் 2003-ல் இந்தியாவின் 20 மாநிலங்களில் சுமார் 3,700 பள்ளிகளுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்தார்கள். அரசு தொடக்கப் பள்ளிகளில் 25% ஆசிரியர்கள் அன்று வரவில்லை. வேலையில் இருக்க வேண்டியவர்களில் பாதிப்பேர்கூட அந்த நேரத்தில் பாடம் நடத்திக்கொண்டிருக்கவில்லை. அடிக்கடி வராத ஆசிரியரை நீக்கியதாகச் சொன்னவர், ஏறத்தாழ 3,000 அரசுப் பள்ளிகளில் ஒரே ஒரு தலைமையாசிரியர்தான். இன்னொன்றும் கவனிக்கணும்: மற்ற ஆசிரியர்களைவிடத் தலைமையாசிரியர்களே அதிகம் வராமல் இருந்தார்கள்.

ஆக, தண்டிக்கும் அதிகாரம் பெயருக்குத்தான். மிச்சம் இருப்பது நடந்துகொள்ளும் விதம் மட்டும்.

மேயர், ஆலன் என்ற இருவர் 1991-ல் பணி ஈடுபாட்டை மூன்றாகப் பிரித்தார்கள். பிடித்திருப்பதால் இருப்பது, விட்டால் நஷ்டம் என்பதால் இருப்பது, இருக்கவேண்டிய கடமை என்பதால் இருப்பது. அரசு வேலையில் இரண்டாவது வகை தானாகவே கிடைத்துவிடும்; நிரந்தர வேலையை யார் விடுவார்? அதனால் 'யாரும் வேலையை விட்டுப் போகலையே, எல்லாம் நல்லாத்தானே இருக்கு' என்று தோன்றும். ஆள் இருப்பார், மனசு போயிருக்கும். எச்.எம். தொடக்கூடியது முதல் வகையைத்தான்.

எப்படித் தொடுவது? 1939-ல் வெளியான கர்ட் லெவின் குழுவின் பழைய சோதனை இங்கே உதவும். பத்து வயதுச் சிறுவர் குழுக்களை மூன்று வகைத் தலைவர்களிடம் விட்டார்கள். அதட்டுகிற தலைவர் அறையை விட்டு வெளியே போனதும் வேலை படுத்துவிட்டது. கலந்து பேசி நடத்தியவர் வெளியே போனபோதும் வேலை தொடர்ந்தது. எதையும் கண்டுகொள்ளாதவரிடம் வேலையும் குறைவு, தரமும் குறைவு.

வகுப்பறைக் கதவு மூடியபின் உள்ளே நடப்பதை எந்த எச்.எம்.மும் பார்க்க முடியாது. அதாவது ஆசிரியர் வேலையில் பெரும்பகுதி, தலைவர் அறையில் இல்லாத நேரத்து வேலை. அதட்டலின் எல்லை அங்கே முடிஞ்சிடுது.

நடைமுறையில் இது சின்னச் சின்ன விஷயங்களில் தெரியும். டைம்டேபிள் போடும் முன் கேட்டாரா? சப்ஸ்டிட்யூஷன் பீரியட் எப்பவும் அதே ரெண்டு பேர் தலையில்தானா? எமிஸ் பதிவு வேலையைப் பங்கு பிரிக்கிறாரா, இல்லை 'கம்ப்யூட்டர் தெரிந்த' இளம் ஆசிரியை ஒருத்தர் மேலேயே தள்ளுகிறாரா? பெற்றோர் சத்தம் போடும்போது முதலில் ஆசிரியர் தரப்பைக் கேட்கிறாரா? கேஷுவல் லீவ் கேட்டால் கையெழுத்தா, விசாரணையா? இது எதற்கும் அரசாணை தேவையில்லை.

தனியார் பள்ளியில் கணக்கு வேற. அங்கே மனசு போனால் ஆளும் போயிடுவார். பாதி வருஷத்தில் பிள்ளைகளுக்கு வேற மிஸ் வருவாங்க. பிரச்சினை கண்ணுக்குத் தெரியும் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

சம்பளம் முக்கியம் இல்லைன்னு சொல்லவரலை. ஆனால் 2024-ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலை வேலைநிறுத்தத்திலேயே சம்பளத்தோடு சங்க அங்கீகாரமும் மையக் கோரிக்கையாக இருந்தது. நம்ம பேச்சுக்கும் ஒரு இடம் வேணும் என்பது ஃபேக்டரிக்கும் ஸ்டாஃப் ரூமுக்கும் பொதுதான்.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். அடுத்த கூட்டத்தில் ரிசல்ட் சதவீதம் கேட்பதோடு நிறுத்தாமல், 'டைம்டேபிளை யார் யார் உட்கார்ந்து போட்டீங்க சார்?' என்றும் கேட்டுப் பாருங்கள். பதில் வருவதற்குள் ஆசிரியர்கள் முகத்தையும் கவனியுங்கள்.