கரண்டு பில் கூரையில் தொடங்குகிறது

சித்திரை பிறந்த முதல் வாரத்தில் ஒரு நாள், நண்பகல் பன்னிரண்டேகால் மணி வாக்கில், புதுக்கோட்டை மாவட்டத்து வல்லத்திராக்கோட்டையில் நட்டுவைத்த கம்புக்கு நிழல் விழாது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும், மறுபடி ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் சூரியன் இந்த ஊருக்கு நேர் உச்சியில் வந்து நிற்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது ஓர் அறிவியல் வேடிக்கை. வீட்டுக்காரருக்கு அதில் வேறொரு செய்தி உண்டு. ஒற்றை மாடி வீட்டுக்குள் கோடையில் வரும் சூட்டில் பெரும்பங்கு கூரை வழியாகத்தான் இறங்குகிறது. உச்சி வெயில் சுவரைத் தொடுவதே இல்லை.

எவ்வளவு சூடு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உச்சிவேளையில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் விழும் வெயிலின் ஆற்றல் ஏறக்குறைய 1,000 வாட். அரசு தரும் தொகுப்பு வீட்டின் 300 சதுர அடித் தளம் என்பது 28 சதுர மீட்டர். இருபத்தெட்டு இஸ்திரிப் பெட்டிகளைச் சூடேற்றி மொட்டைமாடியில் கவிழ்த்து வைத்தால் எப்படியோ, அப்படி. அதற்குக் கீழே 75 வாட் மின்விசிறி ஒன்று சுழன்றுகொண்டிருக்கிறது.

லண்டனிலும் டொராண்டோவிலும் இருக்கும் நம் உறவுக்காரர்களுக்குக் கவலை நேர் எதிராக இருக்கிறது. அங்கே பனிக்காலத்தில் ஹீட்டருக்கு எரியும் எரிவாயுவின் பில்தான் குடும்பத்தை அழுத்துகிறது. காசு கொடுத்து உண்டாக்கிய சூடு கூரை வழியாகவும் ஜன்னல் இடுக்கு வழியாகவும் வெளியேறிவிடுகிறது. அதனால் முதலில் பரண்மேல் கனமான பஞ்சுப் போர்வை விரிப்பார்கள், இடுக்குகளை அடைப்பார்கள். ஹீட்டரைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். நமக்கு மார்கழிக் குளிர் ஒரு போர்வையோடு போய்விடும். பங்குனி முதல் ஆவணி வரை சூடு உள்ளே வராமல் தடுப்பதே நம் பாடு. வேலையின் வரிசை மட்டும் அங்கும் இங்கும் ஒன்றுதான்: முதலில் கூரை, பிறகு இயந்திரம். நாமோ ஏசியை முதலில் வாங்கிவிட்டு, கூரையைப் பற்றி யோசிக்காமலே இருந்துவிடுகிறோம்.

நம் ஊர்களில் கூரை மாறிய கதையைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. நாட்டு ஓடு வேய்ந்த வீட்டில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். இடையில் காற்று நிற்கும், இடுக்கு வழியாகச் சூடு வெளியேறும். அரிமளம், ராயவரம், கோனாப்பட்டு என்று நம் மாவட்டத்திலேயே இருக்கும் செட்டிநாட்டு வீடுகளில் பல அடுக்கு ஓடும் உயர்ந்த கூரையும் நடு முற்றமும் சேர்ந்து, மே மாதத்திலும் பகலில் பாய் விரித்துப் படுக்க முடிகிற இடத்தை உண்டாக்கின. கீற்றுக் கொட்டகையும் சூட்டை நன்றாகத் தடுக்கும்.

ஆனால் ஓட்டு வீட்டை வைத்துக் காப்பாற்றுவது லேசான காரியம் இல்லை. ஆண்டுதோறும் ஓடு பிரித்து மாற்ற வேண்டும், கைமரத்தைக் கறையான் அரிக்கும், குரங்கு ஏறி உடைக்கும், ஓடு மாற்றத் தெரிந்த ஆளும் இப்போது அரிது. கீற்றுக்கு நெருப்புப் பயம். இதற்கெல்லாம் மேலே 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வந்த கஜா புயல். ஆலங்குடி, வடகாடு, கொத்தமங்கலம், கீரமங்கலம் பக்கம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். மரங்களோடு ஓடுகளும் கீற்றும் போயின. அந்த ராத்திரியை ஓட்டு வீட்டுக்குள் கழித்த ஒரு குடும்பம் அடுத்த வீட்டைத் தளம் போட்டுத்தான் கட்டும். அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. புயலுக்குப் பிறகு நமக்குப் போனது கூரையின் குளுமை மட்டும் இல்லை, மேற்கு வெயிலை மறைத்து நின்ற மர நிழலும் போய்விட்டது.

அரசுத் திட்டங்களும் அதே திசையில்தான் வந்தன. 2010-இல் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011-இல் 300 சதுர அடியில் சூரிய மின்விளக்கோடு பசுமை வீடு, 2024-இல் கலைஞரின் கனவு இல்லம். கடைசியாகச் சொன்ன திட்டத்தில் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய்; 360 சதுர அடியில் 300 சதுர அடி கான்கிரீட் தளம்; 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது இலக்கு. நெருப்புக்கும் காற்றுக்கும் பயப்படாத வீடு ஏழைக்குக் கிடைப்பது பெரிய காரியம். இத்தனை லட்சம் தளங்களும் சாம்பல் நிறத்தில் வெயிலைக் குடித்துக்கொண்டு கிடக்கப் போகின்றனவா என்பதுதான் என் கேள்வி.

ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் சூட்டை உடனே கீழே விடாது. காலையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்தபின் மெல்ல மெல்ல இறக்கும். இரவு ஒன்பது மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி உட்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெளியே காற்று குளிர்ந்திருக்கும், தளம் இன்னும் சுடும். மின்விசிறி அந்தத் தளத்தை ஒட்டிய காற்றைத்தான் கீழே தள்ளுகிறது. நள்ளிரவு தாண்டும்வரை கைக்குழந்தை சிணுங்குவதும், வயதானவர்கள் திண்ணைக்கு எழுந்து போவதும் இதனால்தான். இரவில் உடம்பு ஆற வழியில்லாமல் போவதுதான் வெப்ப அலையில் உயிருக்கே ஆபத்தாகிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது.

சிமெண்ட் ஷீட், தகர ஷீட் போட்ட வீட்டில் நிலைமை வேறு. அங்கே சூடு பகலிலேயே நேராக இறங்கும், இரவில் சீக்கிரம் ஆறும். அறைக் காற்று 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறி உடம்பைக் குளிர்விக்காது, சூட்டைத்தான் ஏற்றும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் மதிய நேரத்துக்குச் சிறந்த இடம் வெளியே வேப்ப மர நிழல்தான்.

சரி, என்ன செய்யலாம்? மிகக் குறைந்த செலவில் மிகுந்த பலன் தருவது வெள்ளை. சாம்பல் நிறத் தளம் வெயிலில் பெரும்பகுதியை விழுங்கிக்கொள்ளும். புதிதாக வெள்ளையடித்த தளம் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். அறைக்குள் 2 முதல் 5 டிகிரி வரை குறையும் என்பது பல இடங்களில் பார்த்த அனுபவம். 2010 வெப்ப அலையில் பெரும் உயிரிழப்பைச் சந்தித்த அகமதாபாத், 2013-இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்து, பின்னர் ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளையடிப்பதையும் அதில் சேர்த்தது. தெலங்கானா 2023-இல் இதற்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்து அரசுக் கட்டடங்களுக்குக் குளிர்கூரையைக் கட்டாயமாக்கியது.

இதற்கென்று விற்கும் குளிர்கூரைப் பெயிண்ட் நீடித்து நிற்கும், விலை கூடுதல். கைக்கு எட்டுவது சுண்ணாம்புதான். மாசி மாதம் இதற்கு வாகானது: மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் முற்றியிருக்காது. தளத்தைக் கூட்டிக் கழுவி, பாசியைத் தேய்த்தெடுத்து, விரிசலை அடைத்துவிட வேண்டும். முந்தைய நாளே நீர்த்து ஊறவைத்த சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் பசையும் வெள்ளை சிமெண்டும் கலக்க வேண்டும். தளத்தில் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிக்கொண்டு, வெயில் தாழ்ந்தபின் அடிக்க வேண்டும். கொளுத்தும் வெயிலில் அடித்தால் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். ஒரு பூச்சு காய்ந்தபின் குறுக்கு வாட்டில் அடுத்தது. மூன்றாவதும் அடித்தால் நல்லது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் ஏறக் கூடாது. மழைநீர் சேமிக்கும் வீடு என்றால் முதல் மழைத் தண்ணீரைத் தொட்டிக்கு விடாமல் வெளியேற்றிவிடுங்கள். தூசி படிந்து மழையில் கரைந்து போகும் என்பதால் ஆண்டுக்கொரு முறை அடித்தாக வேண்டும். பழைய கல்நார் ஷீட் என்றால் மட்டும் தேய்க்கவோ துளையிடவோ வேண்டாம். அதன் தூள் நுரையீரலுக்குப் புற்றுநோய் தரக்கூடியது.

புதிதாகக் கட்டுகிறவர்கள் இதைவிட நல்லதைச் செய்யலாம். நம் கொத்தனார்கள் அறிந்த சுருக்கித் தளம் அது. செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்போடு கலந்து மூன்று அங்குலம் விரித்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்குவார்கள். அதன் மேல் தண்ணீர் வடிய வாட்டம் பார்த்துத் தட்டோடு பதிப்பார்கள். ஒழுகாமல் இருக்கவே இதைப் போடுகிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். சுட்ட மண்ணுக்குள் இருக்கும் நுண்துளைகளில் காற்று அடைபட்டிருப்பதால் சூட்டையும் அது தடுக்கிறது. இன்று செலவை மிச்சப்படுத்த முதலில் கைவைக்கப்படுவது இந்த வேலையில்தான். கேரளத்தில் லாரி பேக்கர் பரப்பிய இன்னொரு முறையில், தளத்தின் கீழ்ப்பகுதியில் கான்கிரீட்டுக்கு வேலையில்லாத இடங்களில் பழைய சீமை ஓடுகளைச் சொருகிவிடுவார்கள். சிமெண்டும் கம்பியும் மிச்சம், சூடும் குறைவு. பிரித்துப் போட்ட ஓடுகள் கொல்லையில் அடுக்கிக் கிடக்கும் நம் ஊர்களுக்கு இது மிகவும் பொருந்தும். விவரம் தெரிந்த பொறியாளரை வைத்துச் செய்ய வேண்டும். கனவு இல்லத்தின் மதிப்பீட்டில் வெள்ளைத் தளமோ தட்டோடோ கட்டாயம் என்று ஒரு வரி சேர்ந்தால், லட்சக்கணக்கான குடும்பங்களின் தூக்கம் அதில் இருக்கிறது.

இனி பில். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016-இல் வந்தது. அதற்கு மேலே கட்டணம் படிப்படியாக ஏறும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 ஆனால் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! 500-ஐத் தாண்டியவருக்கு 101 முதல் 200 வரையிலான மலிவு விலை கிடையாது என்பதே காரணம். 700 யூனிட் என்றால் 3,650. யூனிட் நாற்பது சதவீதம் கூடியதற்குப் பில் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. 2024 ஜூலையில் விலை இன்னும் கொஞ்சம் ஏறியது.

ஒரு டன் ஏசி மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். இரவு எட்டு மணி நேரம், அறுபது நாள் என்றால் 480. பிரிட்ஜும் மோட்டாரும் மின்விசிறிகளும் சேர்ந்தால் 500 எங்கோ பின்னால் நிற்கும். தளம் சுடும் வீட்டில் ஏசி பாதி ராத்திரிவரை அறையைக் குளிர்விப்பதற்குப் பதிலாகத் தளத்தோடு போராடிக்கொண்டிருக்கிறது. வெள்ளையடித்த தளத்துக்குக் கீழே அதே ஏசி சீக்கிரம் ஓயும். அதை 24 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் மெல்ல ஓடவிட்டால் போதும். ஒவ்வொரு டிகிரி கூட்டினாலும் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தி சிக்கனப் பணியகம்.

மின்விசிறியிலும் காசு இருக்கிறது. பழைய விசிறி 75 வாட், புதிய பிஎல்டிசி விசிறி 30 வாட்டுக்குள். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு விசிறிக்கு 40 யூனிட் குறையும், மூன்றுக்கு 120. ஆனால் 100 யூனிட்டுக்குள்ளேயே அடங்கும் வீட்டுக்கு இதனால் ஒரு ரூபாயும் மிச்சமாகாது. அப்படிப்பட்ட வீட்டார் கையில் இருக்கும் காசை மொட்டைமாடிக்குப் போடுவதே சரி.

மேற்கு ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே ஒரு தட்டியைச் சாய்ப்பது நல்லது. கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட சூடு திரும்பிப் போகாது. மேற்கில் பீர்க்கையோ கோவையோ பந்தலில் படர்ந்தால் அதுவும் போதும். வேம்பும் புங்கனும் நிழலுக்கு. நம் மாவட்டத்தில் ஏக்கர் கணக்கில் நிற்கும் தைலமரம் அதற்கு உதவாது. பகலில் ஜன்னலைச் சாத்திவைத்து, கிழக்கிலிருந்து கடல்காற்று வந்ததும் எதிரெதிரே திறந்துவிடுங்கள். கொசுவலை அடித்தால் இரவு முழுக்கத் திறந்தே வைக்கலாம். தளத்தில் தண்ணீர் ஊற்றுவது உடனே பலன் தரும் என்றாலும் ஏரி வற்றிய கோடையில் ஆழ்குழாய்த் தண்ணீரை அப்படிக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஏசி இல்லாமல் முடியாது என்கிற வீட்டுக்குச் சூரிய மின்தகடு பொருந்தும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கு 78,000 ரூபாய் மானியம். தகடுகள் தளத்துக்கு நிழலாகவும் நிற்கும்.

இவை எதற்கும் முன்னால் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கணக்கெடுப்பாளர் வந்துபோன தேதியையும் மீட்டர் எண்ணையும் நாள்காட்டியில் எழுதிவையுங்கள். முப்பதாவது நாள் மறுபடி மீட்டரைப் பாருங்கள். 250-ஐச் சற்றே தாண்டியிருந்தால், ஏசியை இரவில் இரண்டு மணி நேரம் முன்னதாக நிறுத்தி மீதி முப்பது நாளில் 500-க்குள் வந்துவிடலாம். ஐம்பத்தைந்தாவது நாள் பார்த்தால் அதற்கு நாள் போதாது.