ஊட்டிக்குப் போய் வரலாம்

பெங்களூரில் காக்ஸ் டவுனை அடுத்து ஜீவனஹள்ளி இருக்கிறது. பெங்களூர் கிழக்கு ரயில் நிலையம் இங்கிருந்து பக்கம்தான். இந்தப் பகுதியில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல உண்டு. தையல் வேலை, கட்டட வேலை, கடை வேலை, வீட்டு வேலை என்று கணவனும் மனைவியும் காலையிலேயே கிளம்பி விடுவார்கள். இரவுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியும்.

கல்யாணம் ஆகிப் பத்து வருடம் ஆன ஒரு தம்பதி இதுவரை சேர்ந்து போன இடங்கள் எவை? கோயில் திருவிழா, சொந்தக்காரர் கல்யாணம், துக்க வீடு, ஆஸ்பத்திரி. அநேகமாக அவ்வளவுதான். ஓய்வுக்காக இருவரும் சேர்ந்து போன இடம் ஒன்றுகூட இருக்காது.

“என்னங்க, நாம ரெண்டு பேரும் ஊட்டிக்குப் போய் வரலாமா?” என்று மனைவி கேட்பார்.

“பிள்ளைங்களை யார் பாத்துக்குவாங்க? பணத்துக்கு எங்கே போறது?” என்று கணவர் கேட்பார்.

பேச்சு அத்தோடு நின்றுவிடும். ஆனால் இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் உண்டு. அந்தப் பதிலுக்குக் கொஞ்சம் திட்டமும் கொஞ்சம் கணக்கும் வேண்டும்.

மலை மேல் ஏன் குளிர்கிறது?

மலை உயரமானது. அதனால் அது சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்படியானால் அங்கே வெயில் கூடத்தானே வேண்டும்? ஏன் குளிர்கிறது?

வெயில் முதலில் தரையைச் சூடாக்குகிறது. தரை தன் மேல் உள்ள காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே ஏறுகிறது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைவு. அதனால் ஏறுகிற காற்று விரிகிறது. விரியும்போது அதன் சூடு குறைகிறது. சைக்கிள் டயரில் இருந்து காற்றை இறக்கும்போது கையை வைத்துப் பார்த்தால் இது தெரியும். வெளியே வரும் காற்று ஜில்லென்று இருக்கும்.

1,000 மீட்டர் உயரம் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். பெங்களூர் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. சென்னையை விடப் பெங்களூர் குளுமையாக இருப்பது அதனால்தான். ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். ஆகவே பெங்களூரை விட ஊட்டியில் சுமார் 8 டிகிரி குறைவாக இருக்கும்.

ஊட்டி உண்டான கதை

நீலகிரி மலையில் பழங்காலம் முதல் தோடர், கோத்தர், குறும்பர், இருளர் முதலிய பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். படகர் மக்களும் பல நூறு ஆண்டுகளாக அங்கே வாழ்கிறார்கள். தோடர்கள் எருமை வளர்ப்பவர்கள். அவர்களுடைய குடியிருப்புக்கு மந்து என்று பெயர். அப்படி ஒரு மந்து இருந்த இடத்தில்தான் இன்றைய ஊர் இருக்கிறது. ஆங்கிலேயர்கள் அதன் பெயரை ஊட்டக்கமண்ட் என்று எழுதினார்கள். அது சுருங்கி ஊட்டி ஆயிற்று. உதகமண்டலம் என்பது தமிழில் வழங்கும் பெயர்.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்தவர் ஜான் சல்லிவன். அவர் 1819இல் நீலகிரிக்கு வந்தார். 1822இல் ஊட்டியில் கல்லால் ஒரு வீடு கட்டத் தொடங்கினார். ஊட்டி ஏரியை வெட்டச் செய்தவரும் அவரே. வெயில் தாங்காத அதிகாரிகளும் நோயாளிச் சிப்பாய்களும் ஓய்வுக்காக அங்கே வந்தார்கள். பிறகு கோடைக்காலத்தில் சென்னை மாகாண அரசாங்கமே ஊட்டிக்கு இடம் மாறும் வழக்கம் வந்தது.

இப்படி, அதிகாரிகளின் ஓய்வுக்காக வளர்ந்த ஊர் ஊட்டி. அதற்குச் சாலை போட்டவர்களும், கல் சுமந்தவர்களும், தேயிலை நட்டவர்களும் உழைக்கும் மக்கள். இன்று அந்த ஊருக்கு யாரும் போகலாம். அங்கே இளைப்பாறும் உரிமை எல்லோருக்கும் உண்டு.

முதலில் கணக்கு

பயணத்துக்காகக் கடன் வாங்கக் கூடாது. இதுதான் முதல் விதி. மூன்று நாள் சந்தோஷத்துக்கு மூன்று மாதம் வட்டி கட்டினால் அது ஓய்வு ஆகாது. குழுக் கடனையும் இதற்கு எடுக்கக் கூடாது.

ஆறு மாதம் முன்பே சேமிக்கத் தொடங்கலாம். வாரம் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு 26 வாரம். 26 × 200 = 5,200 ரூபாய்.

ஒரு நோட்டில் செலவுகளை எழுத வேண்டும். பஸ், அறை வாடகை, சாப்பாடு, நுழைவுச் சீட்டு, கைச்செலவு என்று வரிசையாக எழுத வேண்டும். எல்லோரும் மறந்துவிடும் ஒரு வரி உண்டு. அது கூலி. தினக்கூலிக்குப் போகிறவருக்கு வேலைக்குப் போகாத நாளின் கூலியும் செலவுதான். சனிக்கிழமை காலை கிளம்பித் திங்கட்கிழமை மாலை திரும்பினால், இருவருக்கும் இரண்டு நாள் கூலி போகும். அதையும் கூட்டிய பிறகு வருவதுதான் உண்மையான செலவு. சேமிப்பு போதாவிட்டால் பயணத்தை இன்னும் இரண்டு மாதம் தள்ளிப் போடலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பிள்ளைகளைப் பாட்டியிடமோ சித்தியிடமோ விடலாம். அடுத்த முறை அவர்கள் போகும்போது இவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

எப்போது போவது?

ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டியில் கூட்டம் அதிகம். மே மாதம் மலர்க் கண்காட்சி நடக்கும். அப்போது அறை வாடகையும் ஏறிவிடும். ஜூன் முதல் நவம்பர் வரை மழை வரும். கனமழையில் மண் சரியும். அதனால் கிளம்பும் முன் வானிலைச் செய்தியைக் கேட்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். காலையில் புல்லெல்லாம் உப்புத் தூவியது போல வெளுத்திருக்கும். குளிர் தாங்குபவர்களுக்கு அது நல்ல காலம். கூட்டமும் செலவும் குறைய வேண்டுமானால், பண்டிகை விடுமுறை இல்லாத நாட்களில் போவது நல்லது.

போகும் வழி

மைசூர் ரோட்டில் உள்ள சாட்டிலைட் பஸ் நிலையத்தில் இருந்து மைசூர்ப் பக்கம் பஸ்கள் போகின்றன. மைசூர், குண்டுலுபேட்டை வழியாகப் பந்திப்பூர் காட்டைக் கடந்து ஊட்டிக்குப் போக வேண்டும். எட்டு மணி நேரம் வரை ஆகலாம். அதிகாலையில் கிளம்புவது நல்லது.

2023 ஜூன் 11 முதல் கர்நாடகத்தில் பெண்களுக்கு இலவசப் பஸ் பயணத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கர்நாடகத்துக்குள் ஓடும் சாதாரண அரசுப் பஸ்களுக்கே அது பொருந்தும். வேறு மாநிலத்துக்குப் போகும் பஸ்ஸில் சீட்டு வாங்க வேண்டும். ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பந்திப்பூர் காட்டுச் சாலையில் 2009 முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை உண்டு. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொது வண்டிகளுக்கு அனுமதி இல்லை. குறிப்பிட்ட சில பஸ்களை மட்டும் விடுவார்கள். யானையும் மானும் புலியும் சாலையைக் கடக்கும் நேரம் அது. அவை வண்டியில் அடிபட்டுச் சாகாமல் இருக்கவே இந்தத் தடை.

காட்டின் நடுவே மாநில எல்லை வரும். இந்தப் பக்கம் பந்திப்பூர், அந்தப் பக்கம் முதுமலை. எல்லையைத் தாண்டியதும் பெயர்ப் பலகைகள் தமிழுக்கு மாறும். பெங்களூரில் பலகையைப் பார்த்து அடுத்தவரிடம் கேட்டுப் பழகியவர்களுக்கு இது ஒரு புது அனுபவம். தமிழ் எழுத்துக் கற்றவர் இங்கே தானாகவே படிக்கலாம். ‘யானைகள் கடக்கும் இடம்’ என்பதையும் படிக்கலாம். பஸ்ஸின் பெயர்ப் பலகையையும் கட்டணப் பலகையையும் படிக்கலாம். படிக்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம்.

சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போகிறவர்களுக்கு ஒரு விதி வந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் முறை தொடங்கியது. மலைச் சாலை தாங்கும் அளவுக்கு மேல் வண்டிகள் போனதே இதற்குக் காரணம். அரசுப் பஸ்ஸில் போகிறவருக்கு இந்தத் தொல்லை கிடையாது.

அறை எடுக்கும்போது

இருவரும் ஆதார் அட்டை கொண்டு போக வேண்டும். பஸ் நிலையத்தில் “நல்ல ரூம் இருக்கு, வாங்க” என்று அழைப்பவர் பின்னால் போகக் கூடாது. முன்பின் தெரியாதவருக்குப் போனில் முன்பணம் அனுப்பவும் கூடாது. அறையை நேரில் பார்க்க வேண்டும். கதவுத் தாழ்ப்பாள், கம்பளி, வெந்நீர் மூன்றையும் சரி பார்க்க வேண்டும். வாடகையைப் பேசி முடித்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். ரசீது கேட்டு வாங்க வேண்டும்.

என்ன பார்க்கலாம்?

*மலை ரயில்:* மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூருக்கு 1899இல் ரயில் ஓடத் தொடங்கியது. 1908இல் பாதை ஊட்டி வரை வந்தது. மொத்தம் சுமார் 46 கிலோமீட்டர். 16 குகைகளைக் கடந்து போகிறது. செங்குத்தான இடத்தில் சக்கரம் வழுக்காமல் இருக்கத் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை இருக்கிறது. எஞ்சினின் பல் சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். இந்தப் பல் பாதை கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே உள்ளது. 2005இல் இந்த ரயிலை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நேரம் குறைவாக இருப்பவர்கள் ஊட்டியில் இருந்து குன்னூர் வரை மட்டும் போய் வரலாம்.

*தாவரவியல் பூங்கா:* 1848இல் உருவானது. பல நாட்டு மரங்கள் இங்கே உண்டு. கல்லாக மாறிய மரத் துண்டு ஒன்றும் இருக்கிறது. அதன் வயது சுமார் 2 கோடி ஆண்டு.

*தொட்டபெட்டா:* நீலகிரியின் மிக உயர்ந்த சிகரம். உயரம் 2,637 மீட்டர்.

மூன்று நாளில் எல்லா இடத்தையும் பார்க்க ஓட வேண்டாம். ஓய்வுக்குத்தான் வந்திருக்கிறார்கள். தினமும் விடியும் முன் எழுந்து சமைக்கும் மனைவி இங்கே சற்றுத் தாமதமாக எழலாம். யாரோ போட்ட டீயைக் கையில் வாங்கிக் குடிக்கலாம். ஏரிக்கரையில் இருவரும் உட்கார்ந்து பேசலாம். அதற்குச் சீட்டு வாங்க வேண்டியதில்லை.

உடம்பும் மலையும்

மலைப் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் வரும். மசினகுடி வழியில் மட்டும் 36 வளைவுகள். சிலருக்கு வாந்தி வரும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறக் கூடாது. முன் பக்க இருக்கையில் உட்கார்ந்து தூரத்தில் பார்க்க வேண்டும். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்ட பிறகே போக வேண்டும். சுவெட்டர், காது மூடும் குல்லாய், காலுறை அவசியம்.

நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைகளுக்கும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் தடை உள்ளது. ஒரு எவர்சில்வர் பாட்டிலும் ஒரு துணிப்பையும் போதும். காட்டில் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. குரங்குக்கும் மானுக்கும் தின்பண்டம் போடக் கூடாது. பழங்குடி மக்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. நம் வீட்டு வாசலில் ஒருவர் வந்து கேட்காமல் படம் எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்?

திங்கட்கிழமை இரவு வீடு திரும்பியதும் நோட்டை எடுத்துச் செலவை எழுத வேண்டும். எங்கே கூடியது, எங்கே குறைந்தது என்று பார்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை வழக்கம் போல வேலை இருக்கும். ஆனால் கடன்காரர் யாரும் வாசலில் நிற்க மாட்டார். அடுத்த வாரத்து 200 ரூபாயை உண்டியலில் போடலாம். அடுத்த முறை பிள்ளைகளையும் அழைத்துப் போகலாம்.

பேசிப் பாருங்கள்

1. வாரம் 150 ரூபாய் சேர்த்தால் 26 வாரத்தில் எவ்வளவு கிடைக்கும்?
2. உங்கள் வீட்டில் யாருக்கு ஓய்வு மிகக் குறைவு? ஏன்?
3. மலை ஊருக்குப் போகும்போது கொண்டு போக வேண்டிய ஐந்து பொருள்களை எழுதுங்கள்.